நடந்து போகிற தூரம்

திருகோணமலையில் புதிதாக வீடு கட்டுகிறவர்கள் நகரசபைக்குச் செலுத்தும் கட்டணங்களில் ஒன்றை எங்கள் பக்கத்தில் பூங்காக் காசு என்று சொல்வோம். கட்டப்படும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தொகை. அந்தப் பணத்தில் சபை பொதுப் பூங்காக்களை அமைக்கும். அந்தத் தொகையை நிர்ணயித்த காலத்தில் நகரத்தில் வீடு கட்டுகிறவர்கள் குறைவு. யுத்தம் முடிந்து, வெளிநாட்டுப் பணம் வந்து, ஒரு வீடு நின்ற காணியில் எட்டு வீடுகள் எழும்பத் தொடங்கிய பிறகும் தொகை மட்டும் பழையதாகவே இருந்தது. அதைத் திருத்தப் போகிறார்கள் என்ற அறிவித்தல் ஒட்டப்பட்டது ஐப்பசி மாதம், கந்தசஷ்டி தொடங்குவதற்கு முந்திய வெள்ளிக்கிழமை. அந்த நாளை நான் மறக்காததற்குக் கட்டணம் காரணமல்ல. அன்று காலையில்தான் என் மனைவியின் கோடு முதன்முறையாகக் குறுகியிருந்தது.

நான் ஓய்வுபெற்ற தபாலதிபர்; ஊருக்கு இன்னும் மாஸ்டர். லிங்கநகரில் எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், எது எந்த நாளில் நடந்தது என்று குறித்து வைப்பது பழக்கமாகிவிட்டது. முதல் மழை, கிணறு வற்றிய கிழமை, எந்த வீட்டில் கலியாணம், எந்த வீட்டில் செத்த வீடு. அதையெல்லாம் யாரும் கேட்டதில்லை. இந்தக் கதையை மட்டும் ஒரு தரம் ஒழுங்காக எழுதிவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

என் மனைவி கணிதம் படிப்பித்தவள். சித்திரை வருடப்பிறப்புக் கழிந்த கிழமை, குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். பாரிசவாதம். வலது கையும் காலும் போயின. பேச்சு ஒரு மாதத்தில் மெல்ல மெல்லத் திரும்பியது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் தொலைவிலிருந்து நடந்து வருவது போல வந்தது. ஆடி மாதத்தில் பிடித்துக்கொண்டு நிற்கத் தொடங்கினாள். ஆவணியில் தடியுடன் நடந்தாள். கால் தூக்க வரவில்லை. இழுத்தாள்.

ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு எங்கள் மகளாக இருக்கக்கூடிய வயது. முகத்துக்கு நேரே கதைக்கிற பிள்ளை.

"டீச்சர், மண்ணில நடவுங்கோ. கட்டி மண்ணா, சமதரையா இருக்கவேணும். கடற்கரை மண் வேண்டாம், கால் புதையும். சீமெந்தில நடந்தா நீங்கள் காலைத் தூக்கிறீங்களோ இழுக்கிறீங்களோ என்று ஒருத்தருக்கும் தெரியாது. மண் காட்டிக் குடுக்கும்."

"ஒழுங்கையில நடக்கலாமோ?" என்று நான் கேட்டேன்.

"ஓட்டோக்காரர் விட்டா நடக்கலாம் ஐயா."

எங்கள் ஒழுங்கையின் முடிவில் ஒரு வெறுங்காணி கிடந்தது. முன்னர் ஒரு வீடு நின்ற இடம். அது ஷெல் விழுந்து உடைந்த பிறகு குடும்பம் கனடாவுக்குப் போய்விட்டது. அத்திவாரக் கல்லைக்கூட ஆட்கள் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சியது ஒரு வேப்பமரமும், மூடிய கிணறும், காலம் காலமாகப் பிள்ளைகள் கிறிக்கெட் விளையாடி இறுகிய மண்ணும். வேலி இல்லை. நகரத்து மான்கள் வெயிலுக்கு அந்த வேம்பின் கீழ் வந்து படுக்கும். எவருடைய காணி என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அது எங்களுடையது போலத்தான் இருந்தது.

காலையில் பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு அவளை அங்கே கூட்டிப் போவேன். கிணற்றடியிலிருந்து வேம்படி வரைக்கும் போவாள், திரும்புவாள். அவள் நடந்து முடிந்ததும் மண்ணைப் பார்ப்போம். இடது காலுக்கு ஒரு அடித்தடம். வலது காலுக்கு ஒரு கோடு. அடி, கோடு, அடி, கோடு. இடையிடையே மானின் குளம்புகள்.

"நேர்கோடுகூட இல்லை," என்றாள் முதல் நாள். படிப்பித்த குரல் கொஞ்சம் திரும்பியிருந்தது. "வளைஞ்சிருக்கு."

"கொம்பாசும் அடிமட்டமும் கொண்டு வரட்டோ?" என்றேன்.

"கோடு இல்லாமல் போகவேணும். அப்பதான் நான் தனியக் கடைக்குப் போவன். நீங்கள் வாங்கிற கத்தரிக்காய் எல்லாம் முத்தல்."

அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. கடைக்குத் தனியாகப் போய் நல்ல கத்தரிக்காய் பார்த்து எடுக்க வேண்டும். மண்ணில் கோடு இல்லாத நாளில் அது நடக்கும்.

அந்த ஐப்பசி வெள்ளிக்கிழமைக்கு முதல் இரவு லேசாகத் தூறியிருந்தது. மண் தடத்தை நன்றாக வாங்கியது. கோடு அடித்தடத்தைவிடச் சிறிதாகத் தெரிந்தது. அவள் தடியை ஊன்றி நின்று வெகுநேரம் பார்த்தாள். திரும்பி வரும்போது எதிர்வீட்டு அண்ணர் சைக்கிளை நிறுத்தினார். அவர் சந்தியில் இரும்புக்கடை வைத்திருப்பவர். சீமெந்தும் கம்பியும் தகரமும் அவரிடம்தான் எடுப்போம்.

"மாஸ்டர், சபையில அறிவித்தல் ஒட்டியிருக்கு, பாத்தனீங்களோ? பூங்காக் காசு கூட்டப் போறாங்களாம். கருத்துச் சொல்ல எங்களையும் கூப்பிட்டிருக்கு."

"எங்களுக்கென்ன? நாங்கள் வீடு கட்டப் போறமே?"

"நாங்கள் கட்டேல்லை. உதில கட்டப் போறாங்கள்." அவர் தாடையால் வெறுங்காணியைக் காட்டினார். "கனடாக்காரரின்ர மச்சான் போன மாதம் கடைக்கு வந்தவர். மாடி வீட்டுத்தொகுதி கட்ட எவ்வளவு காசு முடியும் என்று விலை கேட்டுக்கொண்டு போறார்."

என் மனைவி வேம்பைத் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தாள். வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்த பிறகு, "கூட்டத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ," என்றாள்.

கூட்டம் சூரன்போர் முடிந்த அடுத்த வாரம் நடந்தது. மண்டபத்தில் நான் எதிர்பார்த்ததைவிடக் கூட்டம். முன்வரிசையில் கட்டட ஒப்பந்தகாரர்கள். நடுவில் வீடு கட்ட யோசிக்கிறவர்கள். பின்னால் எங்களைப் போல வேறு காரணத்துக்கு வந்தவர்கள். அலுவலர் ஒருவர் எழுந்து, பழைய தொகையில் ஒரு ஊஞ்சல்கூட வாங்க முடியாது என்றும், நகரம் நெருங்கி வருகிறது, பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் இடமில்லை என்றும் அமைதியாக விளங்கப்படுத்தினார்.

ஒரு ஒப்பந்தகாரர் எழும்பினார். "வீடில்லாதவனிட்டக் காசு வாங்கி, வீடு உள்ளவன் காத்து வாங்கப் பூங்கா கட்டப் போறீங்கள். வேறென்ன?"

பின்னாலிருந்து ஒருவர், "நீங்கள் கட்டிற வீட்டுக்குள்ள காத்து வராது. அதுதான் பூங்கா கேக்கினம்," என்றார். மண்டபம் சிரித்தது. ஒப்பந்தகாரரும் சிரித்தார்.

திரியாயிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா சிரிக்கவில்லை. "மகளுக்குச் சீதனமாக் குடுக்க அன்புவழிபுரத்தில ஒரு துண்டுக் காணி வாங்கியிருக்கிறன். ஒரேயொரு வீடு. எட்டு வீடு கட்டி விக்கிறவனுக்கும் எனக்கும் ஒரே காசோ?"

தாங்கள் இருக்கக் கட்டும் தனி வீட்டுக்குப் பழைய தொகைதான், கூட்டுவது வீட்டுத்தொகுதிகளுக்கு என்று அலுவலர் சொன்னார்.

"அப்ப சரி. நீங்கள் கதையுங்கோ," என்று அவர் உட்கார்ந்துவிட்டார்.

அப்போது என் மனைவி இடது கையை உயர்த்தினாள். எழும்ப உதவினேன். மண்டபம் அவளுடைய சொல்லுக்காகக் காத்திருந்தது.

"பூங்கா," என்றாள். பிறகு, "எங்க வரும்?"

"காசு ஒரு பொது நிதிக்குப் போகும் அம்மா. தேவையான இடம் பாத்துச் செய்வம்."

"நடந்து போற தூரத்திலயோ?"

அலுவலர் அவளுடைய தடியைப் பார்த்தார். அதை வாக்குக் கொடுக்க ஏலாது என்று நேர்மையாகச் சொன்னார். ஆனால் விதியில் ஏற்கெனவே இன்னொன்றும் இருக்கிறது என்றார். வீட்டுத்தொகுதி கட்டுகிறவர் விரும்பினால் காசுக்குப் பதிலாகக் காணியின் ஒரு மூலையைப் பொதுவெளியாக விடலாம். பழைய தொகை சிறியது என்பதால் யாரும் அப்படி விடவில்லை. புதிய தொகையில் விடக்கூடும். வருகிற ஜனவரி முதலாம் திகதியிலிருந்து திருத்தம் நடைமுறைக்கு வரும்.

திரும்பி வரும் வழியில் ஓட்டோவுக்குள் அவள் ஒரேயொரு வார்த்தைதான் சொன்னாள்: "வேம்படி."

அன்று மாலை எங்கள் ஒழுங்கையில் நடந்த கணக்கை இப்போது நினைத்தால் நெஞ்சு நோகிறது. இரும்புக்கடை அண்ணர் எங்கள் வீட்டு விறாந்தையில் பஞ்சாங்கத்தோடு வந்து இருந்தார். அவருடைய நியாயத்தில் ஓட்டை இருந்ததாக யாருக்கும் தோன்றவில்லை.

"இஞ்ச பாருங்கோ மாஸ்டர். இப்ப மழை தொடங்கிட்டுது. கார்த்திகை முழுக்க அத்திவாரம் வெட்டேலாது, குழி கிணறாப் போயிடும். மழை விட்டா மார்கழி. மார்கழியில எங்கட ஆக்கள் ஆராவது வீட்டுக்குக் கல்லு வைப்பினமோ? முப்பது வருசம் சீமெந்து விக்கிறன். மார்கழியில அத்திவாரத்துக்கு ஒரு பை வித்ததில்லை. பொங்கல் முடிஞ்சுதான் வருவினம். பொங்கல் எப்ப? ஜனவரி நடுவில. புதுக் காசு எப்ப? ஜனவரி முதலாம் திகதி. தப்ப ஏலாது."

"கனடாவில இருக்கிறவை மார்கழி பாப்பினமோ?" என்று நான் கேட்டேன்.

"அங்க போன பிறகுதான் கூடப் பாக்கினம். போன முறை அந்த மச்சான் மேற்கு மூலையில நிலையம் பாக்க வாஸ்துக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தவர். நேரம் பாக்காமல் ஒரு கல்லு வைக்கமாட்டினம்."

அவர் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. எங்கள் ஊரில் வீடு என்பது கல் வைக்கும் நாளில்தான் தொடங்குகிறது. அதற்கு முன் இருப்பது கதை மட்டும். ஒழுங்கை முழுவதும் அப்படித்தான் நினைத்தோம், என் மனைவியும் நினைத்தாள். அதனால் யாரும் அந்த மச்சானைப் போய்க் காணவில்லை. வேம்படியை விட்டுத்தாருங்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பொங்கலுக்குப் பிறகு, காசு அவர்களை நெருக்கும்போது கேட்கலாம் என்று இருந்தோம்.

மழைக்காலம் கடுமையாக இருந்தது. கார்த்திகையில் பல நாட்கள் காணி குளமாகக் கிடந்தது. மழை விட்ட காலைகளில் தண்ணீர் வடிந்த பக்கமாகப் போய் நடந்தோம். மார்கழி பிறந்து, கோயில் ஒலிபெருக்கியில் விடியற்காலைப் பாட்டுக் கேட்கத் தொடங்கிய நாட்களில் அவள் நன்றாகத் தேறினாள். கோடு நடுவில் அறுந்தது. திருவாதிரைக்கு முதல் நாள் பார்த்தபோது அது ஒரு கீறலும் ஒரு புள்ளியுமாக இருந்தது.

உடற்பயிற்சிப் பெண்ணை ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டுக் காட்டினோம். அவள் குந்தியிருந்து மண்ணை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"டீச்சர், குதி தூக்குது. பெருவிரல்தான் இன்னும் அடம் பிடிக்குது. இப்பிடியே விடாமல் நடந்தா, வருசப்பிறப்புக்கு முன்னம் கடைக்குப் போவீங்கள்."

"கத்தரிக்காய்க்கு," என்றாள் என் மனைவி.

அந்த நேரம் தூரத்தில் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. படுத்திருந்த மான் ஒன்று எழும்பி நின்று, எங்களைப் பார்த்து, மறுபடி படுத்தது. அவ்வளவு சந்தோஷமான ஞாயிற்றுக்கிழமை பிறகு எங்கள் வீட்டில் வரவில்லை.

பொங்கல் முடிந்து பட்டிப்பொங்கலும் முடிந்தது. அடுத்த நாள் காலையில் நாங்கள் போனபோது காணியைச் சுற்றித் தகரம் அடித்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் ஒரு பலகை. எத்தனை மாடி, எத்தனை வீடு, கட்டுகிறவர் யார், திட்டம் எந்த நாளில் கையேற்கப்பட்டது என்று அதில் இருந்தது. அந்த நாள் டிசம்பர் மாதத்தின் கடைசிக் கிழமைக்குள் வந்தது.

கல் வைப்பதைச் சபை பார்ப்பதில்லை. திட்டம் கையளிக்கப்படும் திகதிதான் கட்டணத்தைத் தீர்மானிக்கிறது. மார்கழியில் கல் வைக்கக்கூடாது. ஆனால் மார்கழியில் ஒரு வீட்டுப்படத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு எந்தப் பஞ்சாங்கமும் தடை சொல்லவில்லை. அவர்கள் படத்தை மார்கழியில் கொடுத்தார்கள், கல்லைத் தையில் வைத்தார்கள். இரண்டு நாட்காட்டியையும் மதித்தார்கள்.

என் மனைவி பலகையைப் படித்து முடித்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"வேலை செய்த காலம் முழுக்கத் திகதி முத்திரை குத்தினனீங்கள்," என்றாள். "உங்களுக்கும் தெரியேல்லையே?"

குற்றம் சாட்டுகிற குரல் அல்ல. கணக்கில் எந்த வரியில் பிழை வந்தது என்று பிள்ளைகளுக்குக் காட்டுகிற குரல். எனக்குத் தெரியவில்லை என்றுதான் சொன்னேன்.

அன்று சபைக்குப் போனேன். கூட்டத்தில் பேசிய அதே அலுவலர் என்னை இருக்கச் சொன்னார்.

"வருசக் கடைசியில திட்டங்கள் வரிசையா வந்தது ஐயா. கட்டணம் கூடப் போகுது என்று நாங்கள்தானே ஊருக்கெல்லாம் அறிவிச்சனாங்கள். அறிவிக்காமல் கூட்டவும் ஏலாது. அறிவிச்சா ஆக்கள் முந்தாமல் இருக்கவும் மாட்டினம்."

"அந்த அறிவித்தல் இல்லாட்டி?"

அவர் தோளைக் குலுக்கினார். பிறகு அந்த மச்சானே எனக்கு அதற்குப் பதில் சொன்னார். கல் வைத்த அன்று ஒழுங்கையில் எல்லாருக்கும் பொங்கலும் வாழைப்பழமும் கொடுத்தார்கள். எங்கள் வீட்டுக்கும் கொண்டுவந்தார். நல்ல மனிதர். "இன்னும் நாலைஞ்சு வருசம் சும்மா விடுவம் என்றுதான் இருந்தவை மாஸ்டர். காசு கூடுது என்று கேள்விப்பட்டுத்தான் அவசரப்பட்டவை," என்றார். அந்தப் பொங்கலை என் மனைவி சாப்பிட்டாள். நான் சாப்பிடவில்லை.

வேம்பைத் தறித்த நாள் தைப்பூசத்துக்கு அடுத்த நாள். இரும்புக்கடை அண்ணர் ஒரு கிழமையாக எங்கள் வாசலைக் கடக்கும்போது முகத்தைக் காட்டவில்லை. பிறகு ஒரு மாலை தானாக வந்தார்.

"டீச்சர், சீமெந்து என்ர கடையிலதான் எடுக்கினம்."

"விலை குறைச்சுக் குடுத்தனீங்களோ?" என்று கேட்டாள் என் மனைவி.

"இல்லை."

"நல்லது."

அவர் சிரிக்க முயன்றார். முடியவில்லை. எழும்பிப் போய்விட்டார்.

வேறு இடம் தேடவில்லையா என்று படிக்கிறவர்கள் கேட்பார்கள். தேடினோம். ஓட்டோ பிடித்துக் கடற்கரைக்குப் போனோம். உடற்பயிற்சிப் பெண் சொன்னது போலவே கால் புதைந்தது. தடி ஒரு சாண் இறங்கியது. அவள் மணலில் உட்கார்ந்து கடலைப் பார்த்தாள். நான் அவளைத் தூக்கி நிறுத்த இரண்டு மீன்காரர்களின் உதவி வேண்டியிருந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் பள்ளி நேரத்தில் விடமாட்டார்கள். பின்னேரத்தில் பந்து பறக்கும். எங்கள் வீட்டுப் பின்வளவில் நான் ஒரு வண்டில் மண் கொண்டுவந்து பறித்துப் பரப்பினேன். நாலு எட்டில் மதில் வந்தது, அடிக்கடி திரும்ப வேண்டியிருந்ததில் அவளுக்குத் தலை சுற்றியது.

கடைசியில் வீட்டுக்குள்ளேயே நடந்தாள். விறாந்தையிலிருந்து குசினி, குசினியிலிருந்து விறாந்தை. மினுக்கிய சீமெந்துத் தரை. அதில் தடம் ஒன்றும் விழாது.

"கோடு எப்பிடி இருக்கு?" என்று கேட்பாள்.

நான் குனிந்து பார்ப்பேன். கால் உரசும் சத்தம் சில வேளை கேட்டது, சில வேளை கேட்கவில்லை. "குறைஞ்சிருக்கு," என்று சொல்வேன்.

"நீங்கள் பாக்கேல்லை. சொல்றீங்கள்."

பக்கத்தில் கலவை இயந்திரம் சுற்றத் தொடங்கியதும் நடப்பதை நிறுத்திவிடுவாள். மாசியில் அவள் ஒரு நாளைக்கு ஒரு தரம்தான் நடந்தாள். பங்குனி உத்திரத்துக்கு அண்மையில் குசினி வாசல்படியில் கால் தட்டி விழுந்தாள். எலும்பு உடையவில்லை. ஆனால் அதன் பிறகு எழும்பச் சொன்னால், "என்னத்துக்கு?" என்று கேட்பாள். உடற்பயிற்சிப் பெண் வீட்டுக்கு வந்து கெஞ்சினாள், பிறகு கோபித்தாள். என் மனைவி அவளுடைய கையைப் பிடித்து, "நீ நல்லாப் படிப்பிச்சனி, பிள்ளை. வகுப்பறைதான் இல்லாமல் போச்சு," என்றாள்.

நான் சந்தையில் கத்தரிக்காய் வாங்கி வந்து அவள் முன்னால் வைப்பேன். ஒவ்வொன்றாக இடது கையால் அமுக்கிப் பார்த்து, ஒதுக்குவதை ஒதுக்குவாள். கடைசிவரை நான் தேறவில்லை.

அந்த ஆவணியில் இரண்டாவது தாக்கம் வந்தது. வளர்பிறை ஏகாதசி. விடிந்த பிறகு, நான் தேநீரோடு வந்தபோது அவள் போயிருந்தாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு ஒழுங்கையே வந்தது. இரும்புக்கடை அண்ணர்தான் பந்தலுக்குத் தகரமும் கதிரைகளும் கொண்டுவந்தார். வாடகை என்று நான் வாயெடுத்தபோது எழும்பி வெளியே போய்விட்டார்.

நடக்க இடம் இருந்திருந்தால் அவள் உயிரோடு இருந்திருப்பாள் என்று நான் எழுதமாட்டேன். மருத்துவர் அப்படிச் சொல்லவில்லை. நடந்திருப்பாள் என்று மட்டும் எழுதுவேன்.

வீட்டுத்தொகுதிக்கு ஆட்கள் வந்தது அடுத்த வருடம் பங்குனியில். கீழ் வீட்டில் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு ஆசிரியையின் குடும்பம். கணவர் துறைமுகப் பக்கம் வேலை. இரண்டு சின்னப் பெண்பிள்ளைகள். அவர்கள்மீது எனக்கு ஒரு கசப்பு இருந்தது; அது நியாயமில்லை என்று தெரிந்தும் இருந்தது. ஒரு மாலை பிள்ளைகள் ஒழுங்கையில் பந்தை உருட்டிக்கொண்டிருக்க, ஒரு ஓட்டோ சடாரென்று நின்றது. தாய் ஓடிவந்து இருவரையும் இழுத்து மதிலோடு நிறுத்தினாள். நான் என் படலையடியில் நின்றேன்.

"என்ன செய்யிற ஐயா," என்றாள், மூச்சு வாங்கியபடி. "காசு குடுத்து வீடு வாங்கினம். புள்ளைகளுக்கு ஓடி விளையாட ஒரு சாண் இடமில்ல. முதல்ல இந்த இடத்தில என்ன இருந்த?"

"ஒரு வேம்பு நின்றது," என்றேன்.

"அத வெட்டாம விட்டிருந்தாலும் காணும்."

அதன் பிறகு அந்தக் கசப்பு எனக்குள் தங்கவில்லை.

பூங்கா வந்தது. அதையும் உள்ளபடி சொல்ல வேண்டும். புதிய கட்டணம் நடைமுறைக்கு வந்த பிறகு நகரத்தில் கட்டப்பட்ட தொகுதிகளின் காசில்தான் வந்தது. எங்கள் ஒழுங்கையிலிருந்து வெளியேறி, சந்தியைக் கடந்து, வாய்க்கால் ஓரமாகக் கிடந்த ஒதுக்குக் காணியைத் துப்புரவாக்கி வேலி போட்டார்கள். ஊஞ்சல், சறுக்கு, நாலைந்து சீமெந்து இருக்கை, சுற்றி ஒரு மண்பாதை. கட்டி மண். சமதரை. திறந்த அன்று ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை. ஆசிரியையின் பிள்ளைகள் என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். அவர்களுடைய சின்னக் கால்களோடு மெதுவாகத்தான் போனோம். போய்ச் சேர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நடந்து போகிற தூரம். தடியோடு, இரண்டு இடத்தில் நின்று இளைப்பாறிப் போனாலும், நடந்து போகிற தூரம்.

நான் ஒரு இருக்கையில் இருந்தேன். ஆசிரியை பக்கத்தில் வந்து, "தண்ணி வேணுமா ஐயா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

மழைக்காலத்தில் அந்த மண்பாதை சேறாகியது. நடக்க வருகிறவர்கள் முறைப்பட்டார்கள். நிதியில் காசு இருந்தது. பாதைக்குக் கல் பதிக்கலாமா என்று கருத்துக் கேட்க, தை மாதத்தில் அதே மண்டபத்தில் மறுபடி ஒரு கூட்டம் வைத்தார்கள். எல்லாரும் கல் பதிக்கத்தான் சொன்னார்கள். ஆசிரியையும் சொன்னாள். அவள் சொன்னது சரி, சப்பாத்துச் சேறு கழுவுகிறவள் அவள்தான்.

நான் கையை உயர்த்தினேன்.

"ஒரு கரையில ஒரு பட்டை மண் விடுங்கோ," என்றேன். "ஒரு ஆள் நடக்கிற அகலம் காணும்."

"என்னத்துக்கு ஐயா?" அலுவலர் மாறியிருந்தார். இவருக்கு என்னைத் தெரியாது.

"கால் இழுக்கிற ஆக்கள் நடந்து பழகிறதுக்கு. கோடு தெரியவேணும். கல்லில தெரியாது."

மண்டபத்தில் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இரும்புக்கடை அண்ணர் பின்வரிசையில் இருந்து எழும்பினார். வேறு யாரும் கேட்கும் முன், "அந்தக் கரைக்கு மண் நான் கொண்டுவந்து பறிக்கிறன். சபைக்குச் செலவில்லை," என்றார். பிறகு யாரையும் பாராமல் உட்கார்ந்தார். அலுவலர் குறித்துக்கொண்டார்.

மண் பட்டை வேலியோரமாக இருக்கிறது. உடற்பயிற்சிப் பெண்ணிடம் போய்ச் சொல்லியிருக்கிறேன். யாரையாவது அனுப்புகிறேன் என்றாள். இதுவரை ஒருவரையும் காணவில்லை. நடக்க வருகிறவர்கள் எல்லாரும் கல்லில்தான் நடக்கிறார்கள். நான் காலையில் போய் அந்தப் பட்டையில் கிடக்கும் சருகைப் பொறுக்கி, பிள்ளைகள் தோண்டிய குழிகளை மூடி, காலால் மிதித்துச் சமப்படுத்திவிட்டு வருகிறேன். இரவில் தூறிய நாட்களில் எனக்கு முன்னரே மான்கள் வந்து போயிருக்கும். ஈர மண்ணில் குளம்புகள் தெளிவாக விழுந்திருக்கும், வேலி முடியும் இடம் வரைக்கும். அவற்றை நான் மிதிப்பதில்லை.